முன்சீட்டுக்கு ஒரு தூண்டில்

பழவேற்காட்டு மீனவர் துலுக்காணம் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரரே பதில் சொல்லிவிடலாம், அவ்வளவு சத்தம். எட்வர்டுக்குக் காது மந்தம் என்று தெரிந்த பிறகு அது இன்னும் ஒரு படி ஏறியிருந்தது.

"பிட்டரே! உன் போட்டு எங்கூட்டாண்ட பதினாலு மாசமா கவுந்து கெடக்குது. வெயில்ல வெளுத்து அப்பளம் மாரி ஆவுது. மெட்ராஸ்லர்ந்து ரகுன்னு ஒர்த்தர் வந்து பாத்துட்டுப் போனாரு. வெலைக்கு கேக்கறாரு. நான் இன்னா சொல்லட்டும்?"

"யோசிச்சு சொல்றேண்ணா."

"பதினாலு மாசம் யோசிச்சது போதாதா? ஞாயித்துக்கெழம வா. தண்ணில எறக்குனா போட்டு உன்து. எறக்கலன்னா அவரு வண்டியோட வராரு, ஏத்தி அனுப்பிடறேன். கோச்சுக்காத நைனா. எனக்கும் வலை காயப்போட எடம் வோணும்."

எட்வர்டுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. இறக்க வேண்டும், இல்லையென்றால் கொடுத்துவிட வேண்டும். இறக்கினால் தூண்டில் வேண்டும். தூண்டில் இல்லாமல் அந்தக் கயாக்கில், அந்தச் சின்னத் துடுப்புப் படகில், அவர் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் தூண்டில் பிடித்ததும் இல்லை.

பிடித்தவள் மெர்சி, அவர் மனைவி.

எட்வர்ட் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்தாறு வருஷமாக பிட்டர். பழுக்கக் காய்ந்த இரும்பைக் கம்பியாக இழுக்கும் அந்த உருளைகளின் சத்தத்தில் அவருடைய காது பாதி போய்விட்டது. மெர்சி அதே சிப்காட்டில், பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி வார்க்கும் கம்பெனியில், வார்த்து வரும் மூடிகளின் ஓரப் பிசிறைச் சீவுகிற வேலையில் இருந்தாள். எட்டு மணி நேரமும் நின்றபடி. இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கடலும் ஏரியும் அந்த இரண்டு வீடுகளிலும் யாருக்கும் பழக்கமில்லை.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டை மூடியபோது, அங்கே கிடந்த பழைய சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எட்வர்ட் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனார். மெர்சி சும்மா கூட வந்தாள். மோட்டாரை அவர் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் சுவரோரம் கிடந்த ஆரஞ்சு நிறக் கயாக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போவது.

"இங்க வாயேன். நல்ல மோல்டிங் இது. ஒரு ஓரத்துல கூட பிசிறு இல்ல."

"உங்க கம்பெனி சரக்கா?"

"கொஞ்சம் பெரிய மூடின்னு வச்சுக்கோ."

மோட்டார் வாங்கவில்லை. கயாக் வாங்கினார்கள். அதன் பிறகு ஏழு வருஷம், காலை ஆராதனை முடிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் பழவேற்காடு ஏரியில்தான் இருந்தார்கள். சபையில் முதலில் சிரித்தார்கள். பிறகு, கொடுவா மீன் கிடைத்தால் தங்களுக்கும் ஒரு துண்டு வேண்டுமென்று சொல்லிவைக்க ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு எட்வர்ட் பீரோ மேலிருந்த பழைய தூண்டிலை எடுத்தார். பாதியாகக் கழற்றிய ராடும் அதில் மாட்டியிருந்த ரீலும் ஒரு சாக்கில் சுற்றி இருந்தன. ரீலின் கைப்பிடியைத் திருப்பினார். அசையவில்லை. மூட்டுகளில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

அதைச் சாக்கோடு எடுத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் பொன்னேரிக்குப் போனார். அங்கே பஜாரில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை ஒன்று. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட வருகிறவர்கள் கூடியதிலிருந்து ராடும் ரீலும் அங்கே தொங்க ஆரம்பித்திருந்தன. கடையை நடத்துவது ஹேமாவதி என்கிற பெண். நாற்பது வயதிருக்கும். எட்வர்ட் அந்தக் கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை. பழைய தூண்டிலை மெர்சி ராயபுரத்தில் வாங்கியிருந்தாள்.

ஹேமாவதி ரீலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"உப்பு இறுகிப்போச்சுண்ணா. கடைசியா எப்போ கழுவுனீங்க?"

"கழுவல."

"உப்புத் தண்ணில போட்ட ரீல அன்னிக்கே நல்ல தண்ணில கழுவணும் இல்லையா? பாத்தா அக்கறையா வச்சினு இருந்த ரீலு மாரி தெரியுதே."

மெர்சி அக்கறையாகத்தான் வைத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்ததும், தன் முகம் கழுவும் முன்னால் அதைக் கழுவுவாள். குழாயைப் பீய்ச்சி அடிக்க மாட்டாள், உப்பு உள்ளே போய்விடும் என்பாள். மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுவாள், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி. கடைசி ஞாயிறு மட்டும் அதைக் குளியலறைக் கதவில் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "துடுப்பு போட்டது நீ, கை வலி எனக்கு" என்று சிரித்தாள். இடது கை. அவளுக்கு இடது கைப் பழக்கம், நாள் முழுக்க அந்தக் கையால்தான் தூண்டில் வீசியிருந்தாள். அதனால்தான் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். எட்வர்ட் தைலம் கூடத் தேய்த்துவிட்டார். இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இதயம் என்றார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ வழியில் கிடந்த தூண்டிலைச் சாக்கில் சுற்றிப் பீரோ மேல் போட்டிருக்க வேண்டும்.

"பிட்டர்னு சொல்றீங்க. பிரிச்சுப் பாத்திருக்கலாமே?"

"தோணலம்மா."

பொய். தோன்றியது. அவர் பிரிக்காத கியர் பாக்ஸ் கும்மிடிப்பூண்டியில் இல்லை. ஆனால் அந்த ரீலுக்குள் இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையின் தண்ணீர். பிரித்தால் அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் துணியில் துடைத்துப் போட வேண்டும்.

"சரி, அத்த வுடுங்க. புதுசு பாக்கலாம். எதுல போறீங்க, கரையில நின்னா, போட்லயா?"

"கயாக்."

"அப்ப நீட்டு ராடு வேலைக்காவாது. மீன் பக்கத்துல வந்தா பத்தடி ராட வச்சினு எங்க தூக்குவீங்க? ரொம்ப குட்டையும் கூடாது. மீனு போட்டு மூக்குக்குக் கீழ பூந்து அந்தாண்ட போச்சுன்னா, ராடு நுனி மூக்க சுத்தி வரணும். இல்லாட்டி தூண்டி நரம்பு அடியில தேஞ்சு அறுந்துரும். ஆறரை, ஏழு, அதான் சைசு." அவள் மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள். "யாரு புடிக்கப் போறது?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

"முன்னாடி உக்கார்றவங்க" என்றார்.

"ஒசரம்?"

"அஞ்சடி."

"கை?"

"இடது கை. மணிக்கட்டு மெலிசு. கனமா இருந்தா சாயங்காலம் வலிக்கும்."

ஹேமாவதியின் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. "அக்காவா?"

எட்வர்ட் தலையாட்டினார்.

அதன் பிறகு அவளுக்கு வேலையில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. ஏணி போட்டு ஏறினாள். "பொம்பளைங்களுக்குன்னு யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க அண்ணா. ஆம்பள புடிச்சு முடிச்ச பழசத்தான் குடுப்பாங்க. இந்தாங்க, இது கார்பன். காத்து மாரி இருக்கும். ஆனா கயாக்ல படார்னு எங்கனா இடிச்சுதுன்னா விரிசல் வுட்டு, பெரிய மீன் வர அன்னிக்கு ஒடையும். இது ஃபைபர் கிளாஸ். கொஞ்சம் கனம், ஆனா கோச்சுக்காது. இது ரெண்டும் கலந்தது. ஆறரை அடி. பிடி பாருங்க, குட்டை. லைஃப் ஜாக்கெட்ல மாட்டாது. அக்காவுக்கு இதான்."

"நுனி வெள்ளையா இருக்கணும்" என்றார் எட்வர்ட்.

"ஏண்ணா?"

"பின்னாடி இருந்து எனக்குத் தெரியணும்."

அவள் வேறொன்றைத் தேடி எடுத்தாள். அதே ராடு, நுனியில் ஒரு ஜாண் வெள்ளை. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. மெர்சி முன்னால் பார்த்து உட்கார்ந்து பேசுவது பின்னால் இருந்த அவருக்குக் கேட்காது. ஏரிக்காற்றில் அவளும் எவ்வளவுதான் கத்துவாள்? முதல் மாசம் இரண்டு தடவை வலைக்குச்சியில் மோதி, ஒரு தடவை கவிழ்ந்த பிறகு, மெர்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். தூண்டில் நுனியை இடது பக்கம் சாய்த்தால் இடது. வலது பக்கம் சாய்த்தால் வலது. முன்னால் தாழ்த்தினால் நேராகப் போ. செங்குத்தாக நிமிர்த்தினால் நிறுத்து. நுனிக்கு நகப்பாலிஷ் பூசி வெள்ளையாக்கிவைத்தாள். ஏழு வருஷம் எட்வர்ட் அந்த வெள்ளை நுனியைப் பார்த்தே துடுப்புப் போட்டார். அவள் முகம் அவருக்குத் தெரியாது. முதுகும், பின்னலும், அதற்கு மேல் அந்த நுனியும்தான். மீன் கடித்தால் தோள்பட்டை இரண்டும் ஒரு கணம் காது வரை ஏறி இறங்கும். அப்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "பேய் மாரி இருக்கும், பாக்காதே" என்பாள்.

"ரீலு" என்றாள் ஹேமாவதி. "டப்பு இருந்தா அத்த ராட்ல போடாதீங்க, ரீல்ல போடுங்க. ராடு கோலு, அவ்ளோதான். ரீலுதான் மிசினு. பேரிங் எத்தினின்னு அட்டையில எழுதியிருப்பான், அத்த நம்பாதீங்க. கம்மி வெலைல பத்து பேரிங்னா பத்தும் துருப்புடிக்கும்."

எட்வர்டுக்குச் சிரிப்பு வந்தது. ராயபுரத்துக் கடையில் இதே சண்டை. பேரிங் அதிகம் இருந்தால் நன்றாக ஓடும் என்று அவர் தொழில் அறிவோடு சொன்னார். மெர்சி கேட்கவில்லை. "உன் மில்லுல கடல் தண்ணியா ஊத்தறாங்க?" என்றாள்.

"பாடி கிராஃபைட் பாருங்க, உப்பு திங்காது. இது பிரேக்கு. மீன் இழுத்தா நரம்பு அறுந்துபோவாம வுட்டுக்குடுக்கறது. விட்டுவிட்டு இழுக்கக் கூடாது, வெண்ணெ மாரி போவணும். மூவாயிரம் சைசு போதும், அக்கா கைக்கு. கைப்பிடிய வலது பக்கம் மாத்திக் குடுத்துடறேன்."

எட்வர்ட் மூன்று ரீல்களை வாங்கி வரிசையாக வைத்தார். ஒன்றை எடுத்து, ராடில் மாட்டுகிற அதன் காலைத் தன் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். மில்லில் பேரிங் பார்ப்பது இப்படித்தான். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மிஷினில் வைத்து, பிடியை இந்த எலும்பில் அழுத்தினால், காது கேட்காதவனுக்கும் உள்ளே பல் தேய்வது கேட்கும்.

ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாண்ணா, போன் பேசறீங்களா?"

"முதல் ரெண்டும் உள்ள கரகரங்குது. இது சுத்தம்."

"நான் பத்து வருசமா விக்கறேன், இப்படி ஒருத்தரும் பாத்ததில்ல."

ராடும் ரீலும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பின்னல் நரம்பு சுற்றி, பிளாஸ்டிக் மீன் இரண்டு போட்டு, ராடு தண்ணீரில் விழாமல் கட்ட ஒரு சுருள் கயிறும் கொடுத்தாள். உப்பு இறுகிய ரீலைச் சாக்கோடு திருப்பித் தந்தாள்.

"அக்காவ ஒரு தபா கூட்டினு வாங்க. கைல புடிச்சுப் பாத்துட்டு, புடிக்கலன்னா மாத்திக்கட்டும்."

"சரிம்மா" என்றார் எட்வர்ட்.

ரயிலில் கூட்டமில்லை. ராடை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தன்னுடைய அளவு எதையும் அங்கே சொல்லவில்லை என்பது கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போதுதான் உறைத்தது. ஐந்தடி எட்டு அங்குலம், வலது கை. திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். அடுத்த ரயில் இருந்தது. அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலை அவர் பழவேற்காட்டுக் குப்பத்துக்குப் போனபோது துலுக்காணமும் அவர் தம்பியும் வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயாக் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டியா! நீ வர மாட்டன்னுல்ல தம்பிகிட்ட பந்தயம் கட்டினேன். ஒரு குவாட்டர் போச்சு உன்னால." துலுக்காணம் கயாக்கைப் புரட்டினார். "அவரு பத்து மணிக்கு வராரு. அதுக்குள்ள உன் முடிவ பாரு."

எட்வர்ட் இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில் ஏரித் தண்ணீரை நிரப்பினார். இரண்டையும் முன்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினார்.

"இன்னாய்யா இது?"

"முன்னாடி ஆளு இல்லன்னா மூக்கு தூக்கிக்கும்ணா. காத்து திருப்பிவுட்டுடும்."

"தண்ணி மேல தண்ணி ஏத்திக்கினு போற ஒரே ஆளு நீதான்யா!"

தம்பி சிரித்தார். எட்வர்டும் சிரித்தார். நாற்பது கிலோ. மெர்சி நாற்பத்தெட்டு. மூக்கு கொஞ்சம் தூக்கித்தான் இருந்தது.

"இன்னிக்கி எங்க வலை வடக்கால. ஊர்ல குலுக்கிப்போட்ட சீட்டுல அப்படி வுழுந்துச்சு. நீ தெக்கால, முகத்துவாரம் பக்கமா போ. வெளிய மட்டும் போயிடாத, தண்ணி இறங்குது. இழுத்துடும்."

புது ராடை முன்சீட்டுப் பக்கத்திலிருந்த குழாயில் செருகினார். அது அவள் ராடு வைக்கிற இடம். வேறு எங்கே வைப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் மீனைத் தண்ணீரில் விட்டு, நரம்பைப் பின்னால் இழுபட விட்டபடி துடுப்புப் போட்டார்.

தோள் வலித்தது. பிறகு வலி பழகியது. ஏரி வெளிறிக் கிடந்தது. இரண்டு வெண்கொக்குகள் குச்சிகள் மேல் நின்றன. எதிரே இரண்டு நீலக் கேன்கள், அதற்கு மேல் வெள்ளை நுனி. நுனி லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. எந்தப் பக்கமும் சாயவில்லை. எட்வர்ட் அதையே பார்த்துக்கொண்டு போனார். எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் அதை முடிவு செய்திருந்தால்தானே?

அரை மணி நேரம் அப்படிப் போனது. திரும்பிவிடலாம் என்று நினைத்தார். அந்த ரகு என்பவருக்குக் கொடுத்துவிடலாம், நல்ல மனிதராக இருந்தால் சரி. துடுப்பை நிறுத்தியபோது ரீல் கிறீச்சென்று கத்தியது. அதுகூட அவருக்குக் கேட்டது.

நுனி வளைந்தது. முதலில் பின்பக்கம், அவரைப் பார்த்து, ஒரு வணக்கம் போல. பிறகு மீன் கயாக்கைத் தாண்டி முன்னால் ஓடியது. நுனி இடது பக்கம் சாய்ந்தது.

எட்வர்ட் இடது பக்கம் திருப்பினார்.

யோசித்துச் செய்ததில்லை. கை செய்தது. நுனி முன்னால் தாழ்ந்தது, அவர் நேராகப் போனார். வலது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் திரும்பினார். கயாக் சொன்ன பேச்சைக் கேட்டது. அது மீன் என்று அவருக்குத் தெரியும். பெரிய மீன், கொடுவாவாக இருக்கலாம். எழுந்து முன்னால் தவழ்ந்து போய் ராடைப் பிடிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் பதினான்கு மாதமாக வீட்டிலும் மில்லிலும் ரோட்டிலும் யாரும் அவருக்கு இடது என்றோ வலது என்றோ சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று துடுப்பைப் போட்டார். மூச்சு வாங்கியது. அவர் பேச ஆரம்பித்திருந்தார். "போறேன், போறேன்மா, அவசரப்படாத" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காற்று வடக்கேயிருந்து அடித்ததால், வலைப் படகிலிருந்து துலுக்காணத்தின் பெருங்குரல் தண்ணீர் மேல் வந்தது.

"யோவ் பிட்டரே! ராட புடிய்யா! மீனு உன்ன புடிச்சினு போவுதுய்யா!"

எட்வர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நுனியை விட்டுவிடுவார். முகத்துவாரத்தின் மணல்திட்டு தெரிய ஆரம்பித்தது, அதற்கு அப்பால் கடல் வெள்ளையாகப் புரண்டது. நுனி தண்ணீரைத் தொடுகிற அளவு தாழ்ந்து நடுங்கியது.

பிறகு விசுக்கென்று செங்குத்தாக நிமிர்ந்தது.

எட்வர்ட் துடுப்பை நிறுத்தினார்.

நரம்பு தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. மீன் போய்விட்டது. நுனி அசையாமல் நின்றது. அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அது சாய்வதற்காகக் காத்திருந்தார். நிறுத்து என்ற பிறகு அவள் எப்போதும் அடுத்து எங்கே என்று சொல்வாள். இறங்கும் தண்ணீர் கயாக்கைத் தன் போக்கில் நகர்த்தி மணல்திட்டில் கொண்டுபோய் முட்டியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுதார் என்று சொல்ல முடியாது. முகம் முழுக்க ஏற்கெனவே உப்புத் தண்ணீர்தான்.

இறங்கினார். கேன்களை அவிழ்த்து மணலில் கவிழ்த்தார்.

கயாக்கின் நடுவில், இரண்டு சீட்டுக்கும் இடையில், ஒரு ஆள் உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. ரிசார்ட்டில் வாங்கும்போதே அங்கிருந்த ஆள் சொல்லியிருந்தான், ஒருத்தர் மட்டும் போவதென்றால் நடுவில் உட்காருங்கள், மூக்கும் தூக்காது, வாலும் அமுங்காது என்று. அவர்கள் அங்கே சாப்பாட்டுத் தூக்கு வைத்தார்கள். அவர் நடுவில் உட்கார்ந்தால் கால் நீட்ட முன்சீட்டு இடிக்கும். அதை எடுக்க வேண்டும்.

நான்கு கொக்கிகள். பித்தளை பச்சை பூத்து இறுகிப்போயிருந்தது. மில்லில் இப்படி இறுகிய போல்ட்டுகளைச் சுத்தியால் தட்டி, சூடு காட்டி, திட்டிக்கொண்டே கழற்றுவார். இதைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கடைசிக் கொக்கி கழன்றதும் சீட்டைப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் வைத்து, இரண்டு சுற்றுக் கட்டினார். தன் சீட்டை நடுவில் மாட்டினார்.

மறுபடி தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தபோது முதலில் அவருக்குத் தலை சுற்றுவது போலிருந்தது. எதிரில் எதுவும் இல்லை. முதுகில்லை, பின்னல் இல்லை, கேன்கள் இல்லை. ஏரி மொத்தமும் அப்படியே வந்து காலடியில் முடிந்தது. அவள் ஏழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா? இதைப் பார்த்துக்கொண்டா அந்த முதுகு அவ்வளவு அசையாமல் இருந்தது? அவளிடம் கேட்டிருக்கலாம். அங்கிருந்து என்னடி தெரியுது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். முகத்தைப் பற்றிக் கேட்டார், இதைக் கேட்கவில்லை.

ராடைக் கையில் எடுத்தார். அவர் கைக்கு அது குட்டை. கைப்பிடி அவருக்கு வேண்டாத பக்கத்தில் இருந்தது. கழற்றி மறுபக்கம் மாட்ட ஒரு நிமிஷம் ஆகாது, ஒரு ஸ்க்ரூதான். ஸ்க்ரூவில் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். அவள் பிடிக்கிற மாதிரியே இடது கையில் பிடித்து வீசினார். பிளாஸ்டிக் மீன் பத்தடி தூரத்தில், கயாக்கின் மூக்குக்குப் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது. இரண்டாவது வீச்சு அவர் தொப்பியில் மாட்டியது. மூன்றாவது பரவாயில்லை. எதுவும் கடிக்கவில்லை. சுற்றி எடுத்தார், மறுபடி வீசினார்.

கரைக்கு வந்தபோது பத்தைத் தாண்டியிருந்தது. கூரையில் கயிறு கட்டிய கார் ஒன்று வேலிக்கருகே நின்றது. அதற்குப் பக்கத்தில், அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ரகு. துலுக்காணம் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து கயாக்கின் மூக்கைப் பிடித்து இழுத்தார்.

"மீனு?"

"போச்சுண்ணா."

"எம்மாம் பெருசு?"

"பாக்கல."

"பாக்காத மீனு பின்னாடியா அம்மாந்தூரம் போன? நான் முப்பது வருசமா பொண்டாட்டி பேச்சக்கூட அப்படி கேட்டுக்கினு போனதில்லய்யா!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எட்வர்ட் அவர் தோளைத் தட்டினார்.

ரகு கிட்டே வந்து கயாக்கைக் குனிந்து பார்த்தார், உள்ளே கை விட்டுத் தடவினார். "ஸ்ட்ராங்கா இருக்கு அங்கிள். நானும் என் ஒய்ஃபும் ரொம்ப நாளா தேடறோம், டபுள் சீட்டர். புதுசு வாங்கினா கட்டுப்படியாகல. நீங்க ஒரு ரேட் சொல்லுங்க."

"குடுக்கறதா இல்லப்பா."

ரகு துலுக்காணத்தைப் பார்த்தார். துலுக்காணம் வானத்தைப் பார்த்தார்.

"அண்ணன் சொன்னாரே, யூஸ் பண்ணாம கெடக்குன்னு. இவ்ளோ தூரம் வண்டி எடுத்துனு வந்துட்டேன் அங்கிள். தப்பா எடுத்துக்காதீங்க, இது ரெண்டு பேர் போறது. உங்களுக்கு சின்னதா ஒண்ணு இருந்தா போதாதா? யாரு வரா உங்ககூட?"

எட்வர்ட் ராடைக் கயாக்கிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து, இல்லை, பதினான்கு மாதமாக, அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மில்லில் எல்லாருக்கும் தெரியும், சபையில் எல்லாருக்கும் தெரியும். சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. கடையில் வந்தபோது தலையாட்டிவிட்டு வந்தார்.

"யாரும் வரலப்பா. என் சம்சாரம் தவறிட்டா. நான் ஒருத்தன்தான்."

ரகு தொப்பியைக் கழற்றினார். பிறகு காருக்குப் போய், கயாக்கைக் கட்டுவதற்காகக் கூரையில் இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சுகள் இறுகியிருந்தன. எட்வர்ட் ராடை வேலியில் சாய்த்துவைத்துவிட்டு, காரின் மறுபக்கம் போய் அங்கிருந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.